ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு

சிரியம் சின்ன ஊர். வயதைக் கேட்டால் மட்டும் ரங்கூனே எழுந்து நின்று மரியாதை கொடுக்க வேண்டும். ரங்கூன் வெறும் மீன்பிடித் துறையாகக் கிடந்த காலத்தில் சிரியத்தில் கடல் கடந்த கப்பல்கள் வந்து நின்றன. பறங்கிக் கேப்டன் ஒருவன் இங்கே கோட்டை போட்டு, நான்தான் ராஜா என்று பத்து வருஷம் கொட்டமடித்தான். பர்மிய ராஜா படையோடு வந்து அவனைக் கழுவில் ஏற்றினார். அந்தக் காலத்துச் சங்கதிகளை நினைவுபடுத்த, ஊருக்கு வெளியே கூரை போன செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. பறங்கிக் கோயில் என்பார்கள். ஆடு மேய்க்கிறவர்களையும் வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிறவர்களையும் தவிர அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை.

1993இல் பெகு ஆற்றின் மேல் பாலம் வந்தது. ரங்கூனிலிருந்து லைன் கார் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிரியம். கழுத்தில் கேமரா தொங்கப் போட்டவர்கள் வந்து பறங்கிச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஊருக்கும் திடீரென்று தன் பழமையின் மேல் ஆசை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஊ பா தின் நாலு பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு நகர வரலாறு எழுதக் கிளம்பினார். பகோடாக்களுக்கு நாலு அத்தியாயம், பறங்கிகளுக்கு மூன்று, எண்ணெய் ஆலைக்கு ஒன்று. கிணற்றடிப் பேட்டையில் இருக்கிற தமிழ் முஸ்லிம்களுக்கும் ஆறு பக்கம் ஒதுக்கினார். நல்ல மனுஷர். ஒதுக்காமல் விட்டிருந்தால் கேட்கப் போவது யார்?

அந்த ஆறு பக்கத்தை எழுதும் வேலை மாஹிருக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? பேட்டையில் ஆபீஸ் பர்மா எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ரங்கூனில், பன்சொடான் தெரு நடைபாதையில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மேஜையும் பர்மிய டைப்ரைட்டரும் போட்டு இருபது வருஷமாக மனு அடிக்கிறவர். வீட்டு வரி மனு, பாகப்பிரிவினை மனு, பிரமாணப் பத்திரம் என்று எதைக் கேட்டாலும் கார்பன் தாளை நடுவில் வைத்து மூன்று பிரதி கொடுத்துவிடுவார். பர்மியர்கள் அவரை மரியாதையாக ஸயா, அதாவது வாத்தியார் என்பார்கள். பேட்டையில் காகிதம் என்றால் மாஹிர்தான்.

புத்தகம் 1996 ஜனவரியில் வெளிவந்தது. நகர மண்டபத்தில் விழா நடத்தி, மாஹிருக்குப் பட்டு லுங்கி கொடுத்தார்கள். அவருடைய ஆறு பக்கத்திலிருந்து இரண்டு பத்தியை ஒரு பெண் மைக்கில் வாசித்தாள். அவர் மனைவி லத்தீபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனையும் நன்றாகத்தான் இருந்தது, ஜூன் மாதம் வரைக்கும்.

ஜூன் பதினேழாம் தேதி மாலை ஜைனப் வந்தாள். அன்று காலையிலிருந்தே மழை விடவில்லை. கிணற்றடிச் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரே குடைக்குள் ஜைனபும் அவள் மகள் ஹாஜராவும் பாதி நனைந்தபடி வந்தார்கள். ஜைனபின் கையில் பாலிதீன் போட்டு மூடிய அலுமினியத் தட்டு. அவள் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகிறவள் இல்லை. சந்து முனையில் சமூஸா போட்டு விற்பவள், அவளிடம் இருப்பது சமூஸாதான்.

"தம்பி இருக்கீங்களா?"

"வாங்க லாத்தா. மழையில ஏன் வந்தீங்க? சொல்லி அனுப்பிச்சா நான் வந்திருப்பேன்ல."

"சொல்லி அனுப்புற சங்கதி இல்ல தம்பி. இவளுக்கு அட்டை கிடையாதுன்னுட்டாங்க."

ஹாஜரா பத்தாம் வகுப்பு தேறியிருந்தாள். பேட்டையில் அந்த வருஷம் தேறின பெண் அவள் ஒருத்திதான். நர்ஸ் படிப்புக்கு மனுப் போட வேண்டும், மனுவில் குடியுரிமை அட்டை நம்பர் எழுத வேண்டும். ஜூலை பத்தோடு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் மாஹிருக்குத் தெரியும். அட்டைக்கு மனு அடித்துக் கொடுத்ததே அவர்தான்.

"ஏன் கிடையாதாம்?"

"எனக்கு எங்க வெளங்குது. எனக்குத் தெரிஞ்சது கடை பர்மா. சமூஸா எத்தனை, சூப்பு வேணுமா, அவ்வளவுதான். அட்டை ஆபீசுல இருக்குற அந்த அம்மா பேசுறது ஆபீஸ் பர்மா." ஜைனப் உட்கார்ந்து பாதத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவ வாப்பா பக்கம் எல்லாக் காயிதமும் சரியா இருக்காம். என் பக்கந்தான் ஒண்ணுமில்ல. யுத்தத்துல எண்ணெ டாங்கியைக் கொளுத்துனப்ப நம்ம பேட்டையும் சேந்து எரிஞ்சுதுல்ல, அதோட எங்க காயிதமும் போச்சு. வெள்ளக்காரன் போறதுக்கு முந்தியே ஒங்க ஆளுங்க இங்க இருந்தாங்கன்னு எதாவது காட்டுன்னாங்க. நான் ரெண்டு நாளா யோசிச்சேன். அப்பத்தான் அட, நம்ம தம்பி எழுதுன புஸ்தகம் இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு."

மாஹிர் கையில் எடுத்த சமூஸாவைத் தட்டிலேயே வைத்தார்.

"எங்க பூட்டன் வெட்டுன கிணறு, அவரு பேரு, எல்லாம் அதுல இருக்குன்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க. உம்மாவோட பழைய சேலையில சுத்தி, குர்ஆன் வைக்கிற பலகைக்குக் கீழ பத்திரமா வச்சிருந்தேன். அதத்தான் கொண்டுபோய் அந்த அம்மா மேசையில வச்சேன். இது நம்ம ஊரு புஸ்தகம், பெரியவங்க சேந்து போட்டது, இதுக்கு மேல என்ன வேணும்னு கேட்டேன். அவங்களும் மரியாதையாத்தான் பொரட்டிப் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கிணறு வெட்டுனது ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பதுன்னு போட்டிருக்காம். அப்போ ரெண்டுல ஒண்ணு, கிணறு வெட்டுனவரு ஒங்க பூட்டன் இல்ல, இல்லேன்னா ஒங்க குடும்பமே சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த குடும்பம்னாங்க."

வெளியே மழை தகரத்தில் கொட்டியது. லத்தீபா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள்.

"இன்னொண்ணும் கேளுங்க. இவ இருக்காளே, அந்த அம்மாகிட்டயே வாயாடுறா. அது பர்மா வருஷம் இல்ல, பள்ளிவாசல் வருஷம், ஹிஜ்ரிங்கறா. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே, புஸ்தகம் எழுதுனவரு வந்து தப்புன்னு சொல்லட்டும், பாக்கலாம்னாங்க. எனக்கு மானமே போச்சு. வெளிய வந்து நல்லா அதட்டுனேன். மாஹிர் மாமாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்னு கேட்டேன்."

ஹாஜரா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். கன்னத்தில் அரைத்துப் பூசின தனக்காப் பட்டைச் சாந்து மழையில் கரைந்து வரி வரியாக இருந்தது. அவள் மாஹிரைப் பார்த்தாள்.

"கல்ல இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன் லாத்தா," என்றார் மாஹிர்.

கல்லை இன்னொரு தடவை பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். கிணற்றுச் சுவரில் மேற்குப் பார்த்த கருங்கல். தொண்டி அஸனா மரைக்காயர் இந்தக் கிணறு வெட்டி வைத்தது என்று தமிழில் நாலு வரி. கீழே 1312. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், இரண்டு கண் வைத்த முடிச்சு போல ஒரு சின்னக் கீறல்.

அதைத்தான் அவர் முதலில் பூ என்று நினைத்தார். கல்வெட்டுகிறவன் வரி முடிந்த இடத்தில் அழகுக்குப் போட்ட பூ. 1312 என்றதும் அவர் கண்ணுக்கு அது பர்மிய வருஷமாகத்தான் பட்டது. படாமல் என்ன செய்யும்? பன்சொடானில் உட்கார்ந்து தினமும் மனுவின் தலையில் 1355, 1356, 1357 என்று அடித்துக்கொண்டிருக்கிற கை. பள்ளிவாசல் காலண்டரில் ஓடுவது ஆயிரத்து நானூற்றிச் சொச்சம். ஹிஜ்ரி என்றால் நானூறு என்றே பழகிவிட்டது. 1312ஐ இங்கிலீஷ் கணக்குக்கு மாற்றி 1950 என்று அடித்தார். ஜைனப் லாத்தா பூட்டன் பூட்டன் என்கிறாளே, கணக்கு இடிக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. எல்லாக் குடும்பமும் தங்கள் ஆளை நூறு வருஷம் பின்னால் தள்ளிவைத்துப் பெருமை பேசுவதுதானே என்று மேலே போய்விட்டார்.

அதுவரைக்கும் அது கண் செய்த தப்பு. யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கப்புறம் நடந்ததுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு நாலு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பீர் முகைதீன் லெப்பை அவரைக் கைப்பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். லெப்பைக்கு எழுபத்தைந்து வயது. பள்ளிவாசலில் தொழுகை நடத்துவதும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதும் அவர்தான். மாஹிருக்கும் ஓதிக்கொடுத்தவர்.

"என்ன மாஹிர், அம்பதுல வெட்டுன கிணறுன்னு எழுதியிருக்கியாமே. ஊ பா தின் சொன்னாரு."

"ஆமா லெப்பை. பதிமூணு நூத்திப் பன்னெண்டு போட்டிருக்குல்ல."

"இது என்ன?" லெப்பை ஊன்றுகோல் நுனியால் அந்த முடிச்சைத் தொட்டார்.

"பூ."

"பூவா? ஒனக்கு நான் என்னத்தை ஓதிக்கொடுத்தேன்? அரபி எழுத்துடா, ரெட்டைக் கண்ணு ஹே. ஹிஜ்ரின்னு அர்த்தம். நூறு வருஷத்துக் கிணறுடா இது. எங்க வாப்பா இதுல தண்ணி எறச்சிருக்காரு."

மாஹிர் குனிந்து பார்த்தார். ஹேதான். ஒருமுறை தெரிந்துவிட்ட பிறகு அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை.

"திருத்திடுறேன் லெப்பை."

"திருத்திடு. தப்பு ஒண்ணும் பெரிசில்ல. அச்சுல ஏறிடாம பாத்துக்க."

வீட்டுக்கு வந்து அடித்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டார். 1950ஐ 1894 என்று மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் வேறொரு வரி இருந்தது. 'இந்தப் பேட்டையில் முதன்முதலாகக் குடியேறிய தமிழ் முஸ்லிம், 1914இல் எண்ணெய் ஆலை மேஸ்திரியாக வந்த காசிம் ராவுத்தர் ஆவார்.' காசிம் ராவுத்தர் மாஹிரின் பாட்டனார். அவர் கப்பல் சீட்டு இன்றும் தகரப் பெட்டியில் இருக்கிறது. கிணறு 1894 என்றால் காசிம் ராவுத்தர் முதலாமவர் இல்லை, மரைக்காயர் கிணற்றில் தண்ணீர் குடித்துப் பிழைத்த பத்தோடு பதினொன்று. அந்தப் பத்தியை எடுக்க வேண்டும். அந்தப் பத்தியைத்தான் விழாவில் வாசிக்கப் போகிறார்கள் என்று ஊ பா தின் அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

கிணறு வெட்டின வருஷத்தால் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். தாள்கள் இருந்தபடியே அச்சகத்துக்குப் போயின.

லெப்பை பர்மிய எழுத்து படிக்கத் தெரியாதவர். புத்தகம் வந்தபோது பிரித்துப் பார்த்து, தடவிக்கொடுத்து, "திருத்திட்டேல்ல?" என்று கேட்டார். மாஹிர் தலையாட்டினார். ஹஜ் பெருநாளுக்கு மறுவாரம் லெப்பை மவுத்தானார். சந்தூக்கைச் சுமந்த நாலு பேரில் மாஹிரும் ஒருவர். கபரஸ்தானுக்குப் போகிற வழியில், இனி அந்தச் சங்கதி தெரிந்தவர் யாருமில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. தோளில் பாரம் குறைந்தது போல இருந்தது. ஓதிக்கொடுத்த மனுஷரைச் சுமந்துகொண்டு போகும்போது தனக்கு நிம்மதி வந்ததே என்று அன்று முழுக்க அவரால் சோறு சாப்பிட முடியவில்லை.

ஜைனப் வந்து போன பிறகு மாஹிர் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு சாக்கில் கடத்தினார். அட்டை ஆபீசுக்குப் போவதானால் ரங்கூன் வேலையை ஒரு நாள் விட வேண்டும், வாடிக்கைக்காரர்கள் காத்திருப்பார்கள். அது ஒரு நாள். ஊ பா தின்னிடம் முதலில் சொல்லாமல் போனால் பெரியவர் மனசு புண்படும், அவரோ மகள் வீட்டுக்கு மாந்தலே போயிருக்கிறார். அது மூன்று நாள். மழை பெய்கிறது, காய்ச்சல் போல இருக்கிறது. அது இரண்டு நாள். காய்ச்சல் வரவில்லை.

காலையில் லைன் காருக்குப் போக வேண்டுமானால் ஜைனபின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மைதா மாவைக் காகிதம் போலத் தேய்த்து, இரண்டு மூன்றாக அடுக்கி, தோசைக்கல்லில் அரைவேக்காடாக வாட்டி, சூட்டோடு பிரித்து, கத்தியால் நீள நீளமாக அறுத்துக்கொண்டிருப்பாள் ஜைனப். ஹாஜரா அந்தப் பட்டைகளை மடித்து, வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைத்து, மாவுப் பசை தடவி மூடுவாள். மணிக்கு இருநூறு மடிக்கிற கை. மாஹிர் தாண்டிப் போகும்போது ஜைனப், "சாப்ட்டுப் போங்க தம்பி" என்று கூப்பிடுவாள். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். பெரிய மனுஷரை அவசரப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறாள். அது மாஹிருக்குத் தெரிந்ததால், அவள் கேட்டுத் தொலைத்தால் தேவலையே என்று இருந்தது.

ஒரு நாள் அவர் பாலத்து முனைக்கு வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். முழங்கால் வரை சேறு.

"ஏன் இந்தப் பக்கமா வர்றீங்க?" என்று லத்தீபா மாலையில் லுங்கியை அலசிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பக்கம் தண்ணி."

"அந்தப் பக்கம் கல்லு போட்டு மேடாக்கியாச்சே." அவள் லுங்கியைப் பிழிந்தாள். "ஜைனப் லாத்தா காரியம் என்னாச்சு?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? அந்தப் புள்ள சொல்றது நெசமா பொய்யா, அத மட்டும் சொல்லுங்க."

"ஒனக்கு ஏன் இதெல்லாம்?" என்று சீறி விழுந்தார். லத்தீபா லுங்கியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் அழவில்லை என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பதினோராம் நாள், ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. பன்சொடானில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்திருந்தது. தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைக் கம்பால் குத்தி வடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஜைனப் நின்றாள். கடையை மூடிவிட்டுத் தனியாக லைன் கார் ஏறி வந்திருக்கிறாள். அந்தத் தெருவுக்கு அவள் வந்ததே இல்லை. விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"லாத்தா, நீங்களா? உக்காருங்க. டீ சொல்றேன்."

"டீயெல்லாம் வேணாம் தம்பி. ஒரு மனு அடிச்சுத் தரணும்."

"என்ன மனு?"

"வீட்டுல வச்சுக் கேட்டா அந்தப் புள்ள சண்டைக்கு வரும். அதான் இங்க வந்தேன்." அவள் ஸ்டூல் விளிம்பில் உட்கார்ந்தாள். "நல்லா யோசிச்சேன் தம்பி. ரெண்டுல ஒண்ணுன்னு அந்த அம்மா சொன்னாங்கல்ல. நாம அம்பதுக்கு அப்புறம் வந்தவங்க இல்ல. எங்க உம்மா இங்கதான் பொறந்தாங்க, அது எனக்கு நல்லாத் தெரியும். அப்போ மத்ததுதான் சரி. கிணறு வெட்டுனது எங்க பூட்டன் இல்ல."

"லாத்தா..."

"எங்க வாப்பா பெருமைக்காரரு. யாரோ வெட்டுன கிணத்தை எங்க ஆளு வெட்டுனதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு போல. நாங்களும் நம்பிட்டோம். நீங்க கல்லைப் பாத்து, கணக்குப் போட்டு எழுதுனவரு, ஒங்களுது தப்பாயிருக்காது. அதனால, கிணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல, தெரியாம சொல்லிட்டோம், மாப்பு குடுங்க, வேற எதையாவது பாத்து அட்டை குடுங்கன்னு எழுதுங்க. ஆபீஸ் பர்மாவுல நல்லா மரியாதையா எழுதுங்க."

பழக்கம் பொல்லாதது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாஹிரின் கை தாளையும் கார்பனையும் அடுக்கி மெஷினில் சுருட்டி ஏற்றிவிட்டது. தேதியைக்கூட அடித்துவிட்டார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. ஒரு குடும்பம் தன் பூட்டனைத் தானே இல்லையென்று எழுதிக் கொடுக்கிறது. அதை அடிக்க அவரையே தேடி வந்திருக்கிறது.

"வேணாம் லாத்தா," என்றார். "ஒங்க வாப்பா பொய் சொல்லல. நாந்தான் தப்பா எழுதிட்டேன். அது ஹிஜ்ரிதான். ஹாஜரா சொன்னது சரி. நூத்திரெண்டு வருஷத்துக் கிணறு."

ஜைனபின் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாவா தம்பி? வாப்பா பொய் சொல்லலியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்து நாளா அவர மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். அல்லா என்னை மன்னிக்கணும். நீங்க என்ன தம்பி, இதுக்குப் போயி மொகத்த இப்படி வச்சிருக்கீங்க. மனுஷக் கண்ணுக்குத் தப்புறதுதானே."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கண் தப்பவில்லை லாத்தா, எனக்குத் தெரியும், ஆறு மாசத்துக்கு முன்னாலேயே தெரியும் என்று நாலு வார்த்தை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டார். சாக்குச் சொல்வதில் அவருக்குத் தேர்ச்சி வந்திருந்தது.

அந்தத் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் தன் பேரிலேயே பிரமாணப் பத்திரம் அடித்தார். இன்னின்ன புத்தகத்தில் இத்தனையாம் பக்கத்தில் நான் எழுதிய வருஷம் பிழை. கல்லில் இருப்பது ஹிஜ்ரி 1312, அதாவது 1894. பிழைக்கு நானே முழுப் பொறுப்பு. இந்த மாதிரிப் பத்திரத்தில் கடைசியாக ஒரு வரி வர வேண்டும், பிழை தெரியவந்த தேதி. அது இல்லாவிட்டால் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவருக்குத் தெரியாதா? விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, 'நேற்று, 1996 ஜூன் 27, கல்லை மறுபடி பரிசோதித்தபோது' என்று அடித்தார். மூன்று பிரதி.

மறு திங்கட்கிழமை அட்டை ஆபீசில், ஜைனப் சொன்ன அந்த அம்மா டோ கின் மியா அதை இரண்டு தடவை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இப்படி ஒருத்தர் தானாக வந்து சொல்லி நான் பார்த்ததில்லை ஸயா. அச்சில் வந்த புத்தகம். உங்கள் பேருக்கு இழுக்காகுமே?"

"ஆனால் ஆகட்டும்."

"இனி எல்லாம் ஒழுங்காக நடக்கும். கல்லைப் படமெடுக்க வேண்டும், மேலே அனுப்ப வேண்டும். மூன்று வாரம் ஆகும். கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?"

அட்டை ஜூலை பத்தொன்பதாம் தேதி வந்தது. நர்ஸ் படிப்புக்கு மனு வாங்குவதை நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜைனப் வந்து போன மறுநாளே மாஹிர் ஆபீசுக்குப் போயிருந்தால் நாள் மிச்சமிருந்திருக்கும். இந்தக் கணக்கை அவர் லைன் காரில் நின்றபடி போட்டார், பாலத்தின் நடுவில் போட்டார், தொழுகையில் நிற்கும்போதும் போட்டார். எந்தக் காலண்டரில் போட்டாலும் விடை மாறவில்லை.

ஜைனப் மட்டும் அப்படி நினைக்கவில்லை. படிப்பு அடுத்த வருஷம் ஓடியா போகும், அட்டை வந்துச்சே, அது போதும் என்று பேட்டை முழுக்கச் சமூஸா கொடுத்தாள். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை மாஹிரைப் பற்றி நாலு பேர் நல்லதாகப் பேசினார்கள். தன் தப்பைத் தானே போய் எழுதிக் கொடுத்த மனுஷன், இந்தக் காலத்துல யாரு செய்வா என்றார்கள். ஊ பா தின் மாந்தலேயிலிருந்து வந்து தோளைத் தட்டி, அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றார். காசிம் ராவுத்தர் பத்தியை எடுத்துவிடச் சொன்னார் மாஹிர். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஊரார் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் தேறியிருப்பார். புகழ்ச்சி அவரைப் படுக்கையில் போட்டது போல ஆக்கிவிட்டது. ஜைனபைக் கண்டால் குனிந்துகொண்டு போனார்.

ஆகஸ்டில் ஒரு காலை, இனித் தாங்காது, சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். ஜைனப் இல்லை. உருளைக்கிழங்கு வாங்க மார்க்கெட் போயிருந்தாள். ஹாஜரா தனியாக மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நாலு சமூஸாவைக் கத்தரியால் வெட்டிக் கோப்பையில் போட்டு, சூப்பு ஊற்றி, புதினா தூவி முன்னால் வைத்தாள்.

"உம்மா எப்ப வரும் புள்ள?"

"வர நேரமாகும் மாமா. உம்மாகிட்ட என்ன சொல்லணும்?"

அவர் கரண்டியால் சூப்பைக் கலக்கினார். ஹாஜரா குழவியை நிறுத்தவில்லை. மாவு விரிந்துகொண்டே போயிற்று.

"ஆபீசுல ஒங்க பத்திரத்துல ஒரு பிரதி குடுத்தாங்க. படிச்சேன். ஜூன் இருபத்தேழுன்னு அடிச்சிருக்கீங்க."

மாஹிர் சூப்பில் மிதந்த புதினாவைக் கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"லெப்பை எங்களையெல்லாம் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி அந்த ஹேயைக் காட்டித்தான் ஓதிக்கொடுத்தாரு. புஸ்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி. மாஹிர் பூன்னு நெனச்சுட்டான், நான் சொல்லிட்டேன், அவன் திருத்திடுவான்னு சிரிச்சாரு." அவள் தேய்த்த மாவைச் சுருங்காமல் எடுத்துக் கல்லில் போட்டாள். "நாங்க மழையில ஒங்க வீட்டுக்கு வந்தோம்ல, அன்னைக்கு நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கல்லில் மாவு குமிழ் விட்டது. அவள் விரல் நுனியால் திருப்பிப் போட்டாள். மாஹிர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பன்சொடானில் இருபது வருஷம் அடுத்தவர்களுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒன்றும் வரவில்லை. கடைசியில் இவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"உம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல."

அவருக்கு மூச்சு வந்தது. அது வந்ததற்காகவே அந்த இடத்திலேயே வெட்கமாகவும் இருந்தது.

ஹாஜரா வாட்டிய மாவைச் சூட்டோடு தாள் தாளாகப் பிரித்தாள். அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"சொன்னா உம்மா ஒங்கள மன்னிச்சிரும் மாமா. அதான் சொல்லல."